பின்பக்க மேடும் சிவப்பு எண்ணெயும்

1

ஊரிலிருந்து அழைப்பவர்கள் எல்லாரும் பனியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை அடி பெய்தது, கார் கிளம்புகிறதா, மூக்கு விறைத்துப்போகுமா என்றெல்லாம். கனடாவில் புல் வளரும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. பனியாவது கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் தானாக உருகிவிடும். புல்லுக்கு அந்த நாகரிகம் கிடையாது. மே மாதத்தில் இரண்டு வாரம் கண்டுகொள்ளாமல் விட்டால் முழங்கால் உயரத்துக்கு வந்து நிற்கும்.

இந்த மே மாதம் எனக்கு நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எனக்கு என்று சொல்வது தவறு, என் மனைவி பிலோமினாவின் பெயருக்கு வந்தது. உங்கள் வீட்டுப் புல் அனுமதித்த உயரத்தைத் தாண்டிவிட்டது, ஏழு நாளுக்குள் வெட்டிவிடவும், தவறினால் நாங்களே ஆள் வைத்து வெட்டிக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். கடிதம் வந்தது திங்கட்கிழமை. அந்த வார ஞாயிறோடு பிலோமி இறந்து ஒரு வருடம்.

அலுவலகத்துக்கு போன் செய்தேன். வீடு அவர் பெயரில் இருப்பதால் அவரிடம்தான் பேச முடியும் என்றார் எடுத்த பெண். அவர் இறந்துவிட்டார் என்றேன். வருந்துகிறோம் என்று சொல்லி, அதே மூச்சில் இறப்புச் சான்றிதழ் நகலோடு ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பச் சொன்னார். படிவம் வந்து சேரும்வரை ஏழு நாள் கெடு அப்படியேதான் இருக்குமாம்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வருடமாக எனக்கு எதுவும் வருவதில்லை. கோபம், அழுகை, பசி எல்லாம் ஒரே நாளில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப்போய்விட்டன. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். பன்னிரண்டரை என்றால் மதியச் சாப்பாடு. ஏழு என்றால் அடுத்தது. கிடங்கில் வேலை பார்க்கிறேன், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறேன். ஆரோக்கியம் என்ற பெயர் அங்கே யார் வாயிலும் நுழையாமல் பதினெட்டு வருடமாக என்னை ராக்கி என்று கூப்பிடுகிறார்கள். அந்த ராக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் நன்றாகத்தான் இருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பிலோமிக்காகப் பூசை. முடிந்ததும் பத்துப் பதினைந்து பேர் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். அவர்கள் முழங்கால் புல்லைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். அவள் இருந்தபோது அந்த வீட்டில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

2

எங்கள் வீட்டில் புல் பிலோமியின் இலாகா. நான் ஒரு நாளும் வெட்டியதில்லை.

அவள் திருவொற்றியூர் சாத்தாங்காட்டுப் பக்கம் வளர்ந்தவள். தெருவுக்கு அந்தப் பக்கம் இரும்பு மார்க்கெட். வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு எடுத்தால் துருப் பொட்டு விழுந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அவளுடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தே எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்களாம். இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று சமையலறையை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய்ப் புல்லில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். பின்பக்கம் ஒரு மேடு. மேட்டு உச்சியில் ஒரு மேப்பிள் மரம். எனக்கு அதைப் பார்த்ததும் வேலை என்று தோன்றியது. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

வீட்டை விற்றவர் ஒரு பழைய புல்வெட்டும் டிராக்டரையும் விட்டுப் போனார். உழுகிற டிராக்டரை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற குட்டி வண்டி, வயிற்றுக்குக் கீழே பிளேடு சுற்றும். கிளட்ச் கிடையாது, கியர் மாற்றுவதும் கிடையாது. கால் மிதியை முன்னால் அழுத்தினால் முன்னே போகும், பின்னால் அழுத்தினால் பின்னே வரும். உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தம்தான் சக்கரத்தைச் சுற்றவைக்கிறது. ஆகவே அந்த எண்ணெய் சரியாக இருந்தால்தான் வண்டி வண்டியாக இருக்கும்.

சனிக்கிழமை காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதில் ஏறுவாள். மேட்டில் ஏறும்போது மட்டும் உடம்பை முன்னால் சாய்த்துக்கொள்வாள், வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போவதுபோல. நான் காபியோடு ஜன்னலில் நின்று, ராயபுரம் மகாராணி கிளம்பிட்டாங்க என்று கிண்டல் செய்வேன். சாத்தாங்காடு என்று அங்கிருந்தே திருத்துவாள்.

போன கோடையில் ஒரு ஆள் தன் மெஷினோடு வந்து வெட்டிக் கொடுத்தார். இந்த வருடம் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். எங்கள் மகள் ஜெனி வேறு நகரத்தில் வேலை பார்க்கிறாள், பூசைக்காக வியாழக்கிழமையே வந்துவிட்டாள். வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம், இந்தப் பழைய வண்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம், முடிந்தால் வீட்டையும் விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்று பார்க்கலாம் என்றாள். மூன்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். நான் தமிழில் முடியாது என்றேன். எங்கள் பேச்சு இப்போதெல்லாம் இப்படித்தான் நடக்கிறது. நல்ல பிள்ளைதான். அவள் அம்மா இருந்தவரை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் புரியவைப்பாள்.

3

வியாழன் மாலை வண்டியை ஷெட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில் பின்பக்கம் லேசாகக் கசிந்திருந்தது. எண்ணெய் குறைவாக இருந்தது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றிவிடலாம் என்று நினைத்தேன். இந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்தில் ஒன்பது வருடம், பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தவன் நான்.

எங்கள் ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. கிளட்ச் இல்லாத வண்டி என்றால் சிவப்பு எண்ணெய், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊற்றுகிற எண்ணெய். யாரும் புத்தகத்தைப் பார்க்க மாட்டோம். புத்தகம் இருந்ததா என்பதே சந்தேகம். பழைய எண்ணெயை இறக்கும்போது கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டைத் தேய்த்துப் பார்ப்போம், முகர்ந்து பார்ப்போம். கருகியிருக்கிறதா, இரும்புத் தூள் ஓடுகிறதா, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று விரலே சொல்லிவிடும்.

அன்றைக்கும் தேய்த்துப் பார்த்தேன். இப்போது யோசித்தால் நன்றாக ஞாபகம் வருகிறது. கெட்டியாக, பழுப்பாக இருந்தது. சிவப்பு எண்ணெய் எவ்வளவு பழையதானாலும் அவ்வளவு கெட்டியாக இருக்காது. அது எனக்குத் தெரிய வேண்டும். விரல் தேய்த்தது, மூக்கு முகர்ந்தது, கவனம்தான் எங்கேயோ இருந்தது. துணியில் துடைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் மாடல் எண் கேட்டார். வண்டியில் இருந்த தகடு வெயிலில் வெளுத்து, எழுத்தே இல்லாமல் கிடந்தது. சிவப்பு என்றேன். நிறத்தை வைத்து யாரும் எண்ணெய் வாங்குவதில்லை என்று மரியாதையாகச் சொன்னார். நான் வாங்கினேன். வீட்டில் ஜெனி தன் கணினியில் தேடிப் பார்த்தாள். இப்படிப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் இடங்கள் இருக்கின்றன. ஒருவர் சிவப்பு என்கிறார், ஒருவர் டிராக்டர்களுக்கென்றே விற்கும் ஹைட்ராலிக் எண்ணெய் என்கிறார், இன்னொருவர் என்ஜின் ஆயிலே போதும் என்கிறார். நாலாவது ஆள் மூவரையும் முட்டாள் என்கிறார். மாடல் தெரியாமல் எதையும் ஊற்றாதே என்பது ஐந்தாவது. அப்பா, கொஞ்சம் பொறு என்றாள். நான் அதற்குள் ஊற்றிவிட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு முன்பக்கம் வெட்டினேன். நன்றாக ஓடியது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்திருக்க வேண்டும், இல்லை. பின்பக்கம் திருப்பி மேட்டில் ஏற்றினேன். பாதி மேட்டில் வண்டி தயங்கியது. மிதியை முழுதாக அழுத்தினேன். என்ஜின் உறுமியது, சக்கரம் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் சரிய ஆரம்பித்தது. என்னையும் சுமந்துகொண்டு, அவசரமே இல்லாமல், வேலிவரை வந்து நின்றது.

ஆறவைத்துவிட்டு மறுபடி முயன்றேன். பத்து நிமிடம் ஓடியது. அதே இடத்தில் நின்றது. பிலோமி பதினொரு வருடம் ஓட்டிய வண்டியை நான் ஒரே நாளில் கெடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் நல்ல நிலையில் விட்டுப்போனதில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். ஜெனியோடான பேச்சு எப்போதோ நொண்டத் தொடங்கிவிட்டது. நான் எப்படி இருக்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டேன்.

4

இந்த மாதிரி விஷயத்தில் கேட்பதற்கு எனக்கு உலகத்திலேயே ஒரு ஆள்தான். சேவியர். பிலோமியின் அண்ணன். என்னோடு அதே ஷெட்டில் வேலை பார்த்தவன். அவனைப் பார்க்க வீட்டுக்குப் போய்த்தான் நான் பிலோமியைப் பார்த்தேன். இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் பெரிய வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறான், குடியிருப்பது எண்ணூரில். அவனும் நானும் பேசி ஒரு வருடம் ஆகிறது. ஈஸ்டருக்கு ஒரு படம் அனுப்பினான். நான் கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பினேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவரிடமும் சொன்னதில்லை.

பிலோமிக்கு நோய் தெரிந்து நான்கு மாதம்தான் இருந்தாள். இரண்டாவது மாதமே சேவியர் வருகிறேன் என்றான். விசாவுக்கு இங்கிருந்து ஒரு அழைப்புக் கடிதம் வேண்டும். அழைக்கிறவர் இன்னார், வருகிறவர் இன்னார், எதற்காக வருகிறார், எத்தனை நாள் தங்குவார், கீழே கையெழுத்து. அவ்வளவுதான். ஒரே பக்கம். சேவியர் மாதிரிக் கடிதத்தை மூன்று முறை அனுப்பினான். நான் அச்செடுத்தேன். எதற்காக வருகிறார் என்ற இடத்துக்குக் கீழே, நோயாளியின் நிலை பற்றி ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. அந்த வரியை என்னால் எழுத முடியவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவள் போகப்போகிறாள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு எண்ணம். காகிதம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையிலேயே இருந்தது. நாளைக்கு நாளைக்கு என்று அவள் போய்விட்டாள்.

சேவியர் தன் தங்கையின் அடக்கத்தை போனில் பார்த்தான். பிடித்துக்கொண்டிருந்தவருக்குக் கை வலித்திருக்கும், படம் பாதி நேரம் புல்லைத்தான் காட்டியதாம்.

விசா தாமதமாகிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். உடனே நம்பினார்கள். வெளிநாட்டில் இருப்பவன் தூதரகத்தைக் குறை சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? ஊரோடு பேசும்போதெல்லாம் நானே எத்தனை முறை இந்த அலுவலகங்களைத் திட்டியிருக்கிறேன். இந்த ஒரு முறை மட்டும் அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை. விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போகவே இல்லை.

5

சனிக்கிழமை காலை ஏழரைக்கு அழைத்தேன். அங்கே மாலை ஐந்து. ஷிப்ட் முடிந்து வெளியே வரும் நேரம். எடுக்க மாட்டான் என்று நினைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தான். பின்னால் டிரெய்லர் லாரிகளின் ஹாரன்.

"இன்னா மாமு" என்றான்.

நான் நலம் விசாரிக்கவில்லை. ஆரம்பித்தால் வேறு எங்காவது போய்விடுவேன் என்று பயம். "சேவியரு, பிலோமி புல்லு வெட்டுமே, அந்த வண்டி மேட்டுல ஏற மாட்டேங்குது" என்றேன்.

அவன் ஹாரன் சத்தத்தை விட்டுத் தள்ளிப் போனான்.

"இன்னா எண்ணெ ஊத்துன?"

"செவப்பு."

அவன் சிரித்தான். ஏளனம் இல்லை, தாங்க முடியாமல் வந்த சிரிப்பு. "அவளும் அத்தத்தான் ஊத்துனா. நான்தான் ஊத்த சொன்னேன். கிளட்ச் இல்லாத வண்டின்னா செவப்பு, நம்மளுக்கு வேற இன்னா தெரியும்? பத்து நிமிசம் ஷோக்கா ஓடிகினு இருந்துச்சாம், அப்பால பாதி மேட்டுல நின்னுகிச்சாம். கரெக்டா?"

கரெக்ட் என்றேன்.

அதன் பிறகு அவன் சொன்னதெல்லாம் எனக்குப் புதிது. வருடா வருடம் வசந்தம் வந்ததும் பிலோமி அவனை அழைப்பாளாம். முதல் வருடம் சிவப்பு ஊற்றி மேட்டில் நின்றதும், வண்டிக்கடியில் படுத்து, எண்ணெய்ப் பெட்டியின் வார்ப்பிரும்பில் பொறித்திருந்த நம்பரைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். அவன் அதைக் கொண்டுபோய் ஹைட்ராலிக் தெரிந்த ஒரு இன்ஜினியரிடம் காட்டிக் கேட்டிருக்கிறான். இந்தப் பெட்டிக்குச் சிவப்பு எண்ணெய் ரொம்ப இளசு, சூடானதும் தண்ணீராகிவிடும், அழுத்தம் நிற்காது, கெட்டியான என்ஜின் ஆயில்தான் வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"இருவது அம்பது மாமு. நம்மூர்ல தெருவுக்குத் தெரு தொங்க வுட்டுகினு விப்பானே, பைக்குக்கு ஊத்துற மாரி கெட்டி எண்ணெ. அத்த ஊத்து."

இதை ஏன் என்னிடம் அவள் சொல்லவில்லை என்று கேட்டேன். சிவப்பு ஊற்றியது தெரிந்தால் நான் கிண்டல் செய்தே கொன்றுவிடுவேன் என்று சொன்னாளாம். நானும் இதே சிவப்பைத்தான் ஊற்றியிருப்பேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. என்னைப் பற்றி அவ்வளவு உயர்வாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஷெட்டுல போய் பாரு, எப்பவும் ஒரு செட்டு எக்ஸ்ட்ரா வாங்கி வெச்சிருப்பா" என்றான்.

புல் விதை மூட்டைக்குப் பின்னால், அவளுடைய கையுறைகளுக்குக் கீழே மூன்று டப்பாக்கள் இருந்தன. உடைக்காதவை. மேலே கெட்டித்தன்மையின் எண், இருபது ஐம்பது. நான் சிவப்பு வாங்கக் கடைக்குப் போனபோதும் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன.

6

அப்படியே ஊற்றிவிடக்கூடாது என்றான். உள்ளே சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், முதலில் ஒரு தபா கெட்டி எண்ணெயை ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு, பிறகுதான் கடைசியாக ஊற்ற வேண்டும். அலசுவதற்குப் பிலோமியின் எண்ணெயை வீணாக்க எனக்கு மனமில்லை. ஜெனியைக் கடைக்கு அனுப்பினேன். குளிர் தேசத்தில் கெட்டி எண்ணெயை யாரும் வாங்குவதில்லை போலிருக்கிறது, கடைசித் தட்டில் தூசியோடு இருந்தது என்று கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். மாமா குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது என்றாள், தமிழில்.

வீடியோவில் மறுபடி அழைத்து, போனை ஒரு பூந்தொட்டியில் சாய்த்து நிறுத்தினோம். சேவியர் தன் பைக்கில் சாய்ந்துகொண்டு அங்கிருந்து சொல்லச் சொல்ல, நான் செய்தேன். அலசி இறக்கினேன். பிலோமியின் மூன்று டப்பாவையும் திறந்தேன். பழக்க தோஷத்தில் ஒரு சொட்டை விரலில் தேய்த்தேன். இந்த முறை விரலுக்குத் தெரிந்தது. கெட்டியாக, வழுவழுவென்று இருந்தது. பின்சக்கரங்களைத் தூக்கி முட்டுக் கொடுத்தேன்.

"இப்ப முன்ன ஒரு தபா, பின்ன ஒரு தபா, ஆட்டிகினே இரு. உள்ள காத்து கீது, அது பூடணும். அவசரப்படாத. அவளுக்கு இது நல்லா வரும், உனக்குத்தான் பொறுமை கெடையாது."

சக்கரத்தை இறக்கினேன். இருபது நிமிடம் கீழே சமதளத்தில் வெட்டினேன், எண்ணெய் நன்றாகச் சூடாகட்டும் என்று. அப்புறம் மேட்டைப் பார்த்துத் திருப்பினேன். போன் என் சட்டைப்பையில் இருந்தது. பாதி மேடு வந்தது. என்னை அறியாமல் உடம்பு முன்னால் சாய்ந்தது. வண்டி தயங்கவே இல்லை. மேப்பிள் மரத்தடியில் போய் நின்றேன், என்ஜினை அணைத்தேன்.

"ஏறிச்சா?" என்றது சட்டைப்பை.

ஏறிடுச்சு என்றேன். போனை வெளியே எடுத்தேன். அதற்கு மேலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சேவியரு, அந்த லெட்டரு. விசா லேட்டுலாம் இல்ல. நான்தான் கையெழுத்து போடல. பையிலயே வெச்சிருந்தேன்."

அவன் முகம் அசையவில்லை. நெட்வொர்க் நின்றுவிட்டது என்று நினைத்தேன். பின்னால் ஒரு லாரி போனது.

"தெரியும் மாமு" என்றான். "பிலோமி அப்பவே சொல்ட்டா. பைய தொறக்குறாரு, அந்த பேப்பர பாக்குறாரு, மூடிடுறாரு, அவரால முடியலண்ணே, நீ ஒன்னியும் கேக்காதன்னா. அதான் நான் கேக்கல."

பிறகு, வண்டி ஆறினதும் எண்ணெய் அளவை ஒரு தடவை பார், குறைந்திருந்தால் கொஞ்சம் விடு என்றான். சரி என்றேன்.

மிச்சப் புல்லையும் வெட்டி முடித்தேன். வெட்டி முடித்த இடத்திலேயே இன்னும் இரண்டு சுற்று ஓட்டினேன். ஜெனி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், நிறுத்தச் சொல்லவில்லை. இறங்கியபோது வயிற்றில் ஏதோ செய்தது. அது என்ன என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பசி. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. சாப்பிட என்ன இருக்கிறது என்று ஜெனியைக் கேட்டேன்.

7

ஞாயிறு பூசை நடந்தது. வந்தவர்கள் புல் அழகாக இருக்கிறது என்றார்கள். நகராட்சிக்குப் படிவத்தையும் அனுப்பிவிட்டேன்.

அன்று மாலை ஜெனி கிளம்புவதற்கு முன் நான் சொல்லி, சேவியர் முன்பு அனுப்பிய மாதிரிக் கடிதத்தைக் கணினியில் திறந்தாள். அழைக்கிறவர் பெயர், வருகிறவர் பெயர், தங்கும் நாள் எல்லாம் நிரப்பினாள். எதற்காக வருகிறார் என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். தங்கையின் கல்லறையைப் பார்க்க என்று சொன்னேன். அடித்து, அச்செடுத்து, பேனாவோடு என் முன்னால் வைத்தாள்.

கையெழுத்துப் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.